காலிகிராஃபி வகுப்பில் சேர்த்தால் பையனின் கையெழுத்து திருந்துமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பையன் ஏழாம் வகுப்பு. தமிழானாலும் இங்கிலீஷானாலும் கோழி கிண்டியது போல எழுதுகிறான். பக்கத்துத் தெருவில் ‘30 நாளில் முத்துமுத்தான கையெழுத்து’ என்று ஒரு காலிகிராஃபி வகுப்பு நடக்கிறது, கட்டணம் 4,500 ரூபாய், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘எல்லாம் டைப்தானே அடிக்கப் போறோம், எதுக்கும்மா இது’ என்று அவன் கேட்பதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எழுத்து கோணலாக இருந்தால் மனசும் அலைபாய்கிறது என்று அர்த்தம் என அந்த வகுப்புக்காரர் சொன்னது உங்களை உறுத்துகிறது. ஆக, இதில் மூன்று கேள்வி இருக்கிறது. வனப்பெழுத்து, அதாவது காலிகிராஃபி, கற்றால் கையெழுத்து திருந்துமா? இந்தக் காலத்தில் கையெழுத்துக்காக மெனக்கெடுவதில் பயன் உண்டா? எழுத்தைப் பார்த்து ஆளை எடைபோட முடியுமா?

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். போர்டு எழுதும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, டர்பன்டைனில் பிரஷ் கழுவித் தொழில் கற்றவன். கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரியின் பின்பக்கம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பைத் தின்ற பிறகு சான்றிதழ்களில் பெயர் எழுதுவதும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுப்பதுமாகக் காலம் ஓடுகிறது. நான் மருத்துவரும் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. அந்த எல்லை வரும் இடத்தில் நின்றுகொள்கிறேன்.

மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வதற்கு ‘கிராஃபாலஜி’ என்று பெயர். பல நாடுகளில் பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எழுதியவர் யார் என்று தெரியாமல், எழுதிய விஷயத்திலிருந்தும் துப்பு கிடைக்காதபடி செய்து சோதித்தால், அந்தக் கணிப்புகள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடப் பெரிதாகத் தேறவில்லை. நீதிமன்றத்தில் கையெழுத்து நிபுணர் சாட்சி சொல்கிறாரே என்று கேட்பீர்கள். அது வேறு வேலை. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அவருடைய கருத்தை ஏற்றது ‘இந்த இரண்டையும் எழுதியது ஒரே கையா’ என்ற கேள்விக்காகத்தான். அந்தக் கை நல்லவனுடையதா கெட்டவனுடையதா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. ‘கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது’ என்று நம் ஊரில் ஒரு வசனம் உண்டு, அதுவும் இதே ரகம்தான். என் கையெழுத்தைப் பார்த்தால் அந்த வசனப்படி நான் கோடீஸ்வரன் ஆகியிருக்க வேண்டும். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரிக்காக முந்நூற்றுச் சொச்சம் சான்றிதழ்களில் பெயர் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மில்லிமீட்டர் பட்டை நிப், இந்தியன் இங்க். பெயர் வரும் இடத்தில் பென்சிலால் மெல்லிசாக இரண்டு கோடு. நிப்பை 45 பாகையில் பிடித்தால் ‘ட’வின் நிற்கும் கோடும் படுக்கும் கோடும் ஒரே கனத்தில் விழும். 30 பாகைக்குச் சாய்த்தால் நிற்கும் கோடு தடிக்கும், படுக்கும் கோடு இளைக்கும். எந்தக் கோணத்தில் தொடங்குகிறோமோ கடைசிச் சான்றிதழ் வரை அதே கோணம் இருக்க வேண்டும். ‘செந்தில்குமார்’ என்று எழுத எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு எழுத்து முடிந்ததும் கை நிற்கும், கண் இடைவெளியை அளக்கும், மூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்து. தப்பிவிட்டால் தாள் காய்ந்த பிறகு பிளேடால் சுரண்டி, நகத்தால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்து, மறுபடி எழுத வேண்டும். தேய்க்காமல் எழுதினால் மை ஊறிப் பரவிவிடும். இப்படி நான்கு நாள் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டு, கூலிக்கான பில்லை அங்கேயே மேசையில் வைத்து எழுதி நீட்டினேன். கணக்குப் பார்ப்பவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிவிட்டு, ‘இது ஆயிரத்து நூறா, ஏழாயிரத்து எழுநூறா?’ என்றார். சான்றிதழ் எழுதின அதே கைதான் அந்தப் பில்லையும் எழுதியது.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அந்த மேசையில் இருக்கிறது. வனப்பெழுத்து ஒவ்வொரு எழுத்தையும் வரைவது, அதில் வேகத்துக்கு வேலையே இல்லை. கையெழுத்து என்பது, என்ன எழுதுகிறோம் என்று மனசு ஓடும்போது கை தானாகப் பின்னால் ஓடுவது. முன்னதில் தேறியவன் பின்னதிலும் தேற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முப்பது நாள் வகுப்பில் உங்கள் பையன் பட்டை நிப்பில் தன் பெயரை அழகாக எழுதக் கற்றுக்கொள்வான், அதைச் சட்டம் போட்டும் கொடுப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை வரலாற்று நோட்டில் பழையபடிதான் இருக்கும். வகுப்பு மோசம் என்று சொல்லவில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தால், படம் வரையச் சேர்ப்பது போல நினைத்துச் சேருங்கள். கண் கூர்மையாகும், இடைவெளி பற்றிய உணர்வு வரும், அதில் கொஞ்சம் கையெழுத்துக்கும் ஒட்டும். நோட்டு திருந்தும் என்று நம்பி மட்டும் பணம் கட்டாதீர்கள்.

காலிகிராஃபி என்றதும் நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்தையே முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். தமிழில் ஏன் இல்லை என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. அதற்குக் காரணம் கருவியில் இருக்கிறது என்பது என் எண்ணம். அரபு, உருது எழுத்துக்கு நாணல் பேனா, சீன எழுத்துக்குத் தூரிகை, ஐரோப்பியருக்கு இறகுப் பேனா. மூன்றுமே மை தொட்டு எழுதுபவை, திசைக்கும் அழுத்தத்துக்கும் தக்கபடி கோடு தடித்தும் மெலிந்தும் வரும். அந்தத் தடிப்பும் மெலிவும்தான் அங்கே அழகு. நம்முடையது எழுத்தாணி. இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி, மை கிடையாது, பனையோலையின் மேல்தோலைக் கீறுவதுதான் எழுதுவது. கீறும்போது எழுத்து சரியாகக் கண்ணுக்கே தெரியாது, எழுதி முடித்து விளக்குக் கரியைக் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் கீறலுக்குள் கறுப்பு தங்கி எழுத்து எழும்பி வரும். கீறலில் தடிப்பு, மெலிவு என்று ஏதும் இல்லை, எல்லாக் கோடும் ஒரே கனம்தான். அதனால் நல்ல ஏடு எழுதுகிறவரின் திறமை வேறு இடத்தில் தெரிந்தது. வரிக்கு வரி ஒரே உயரம், எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளி, ஓலை கிழியாத சீரான அழுத்தம். முத்துக் கோத்தது போல என்று நாம் இன்றும் பாராட்டுவதில் அந்தச் சீர்தான் இருக்கிறது.

அச்சு வந்ததும் ஒரு காரணம். இந்திய மொழிகளில் அச்செழுத்தில் முதலில் ஏறியது தமிழ். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. உருதுவின் கதை நேர்மாறு. அதன் நஸ்தலீக் எழுத்து சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும், அதைத் தனித்தனி ஈய எழுத்தாக உடைத்துக் கோக்க முடியாமல் தவித்தார்கள். அதனால் 1980-களில் கணினி வரும்வரை உருதுப் பத்திரிகைகளை ‘காத்திப்’ எனப்படும் எழுத்தர்கள் கையால் எழுதி, அதைப் படமெடுத்து அச்சடித்தார்கள். நம் சென்னை திருவல்லிக்கேணியிலேயே 1927-இல் தொடங்கிய ‘தி முசல்மான்’ என்ற மாலைப் பத்திரிகை, கணினி வந்த பிறகும் விடாமல் நாலு பக்கத்தையும் கையால் எழுதி வெளியிட்டது. ஒரு பக்கம் எழுத மூன்று மணி நேரம் ஆகுமாம். நடுவில் பெரிய தப்பு வந்தால் பக்கத்தையே திரும்ப எழுத வேண்டும். எழுத்தர்கள் வாழ அவர்களுக்கு ஒரு தேவை இருந்தது. தமிழில் அந்தத் தேவையை ஈய எழுத்து சீக்கிரமே எடுத்துக்கொண்டது.

ஓலையில் நேர்கோடு இழுத்தால் நார் கிழியும், அதனால்தான் தமிழ் எழுத்து வட்டமானது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வகுப்பில் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். இப்போது கொஞ்சம் அடக்கிச் சொல்கிறேன். ஓலைக்கு அதில் பங்கு இருக்க வேண்டும் என்பது நியாயமான யூகம்தான், எழுத்தாணியால் கீறிய ஒடியா எழுத்தும் உருண்டு திரண்டது. ஆனால் நம் ட, ப, ம, ங எல்லாம் ஓலையில் பல நூறு வருடம் கிடந்தும் மூலை மடங்காமல் அப்படியே இருக்கின்றனவே! 1010 வாக்கில் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் கல்வெட்டு வரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? வளைவும் நேர்கோடும் அவ்வளவு ஒழுங்காகக் கலந்திருக்கும். தமிழ் எழுத்தின் அழகைப் பிள்ளைக்குக் காட்ட விரும்பினால் வகுப்புக்கு முன்னால் அங்கே கூட்டிப்போங்கள். செலவு பஸ் டிக்கெட்தான்.

ஏட்டுக் காலத்திலிருந்து இன்றைய நோட்டுக்கு நேராக வரும் பாடம் ஒன்று உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனாலும் ஓலையில் புள்ளி வைத்தால் பொத்துக்கொள்ளும் என்று பெரும்பாலோர் வைக்காமல் விட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ‘ர’வும் ஒரே உருவம். அப்படியானால் ஏட்டில் ஒரு கொம்பு, ஒரு ‘க’, ஒரு கால் இருந்தால் அது ‘கொ’வா, ‘கோ’வா, ‘கெர’வா, ‘கேர’வா, ‘கெர்’ரா? முன்பின் பார்த்து, பாட்டின் ஓசை பார்த்து, பொருள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரட்டைக்கொம்பைக் கொண்டுவந்து இந்தக் குழப்பத்தில் ஒரு பாதியைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழி சும்மா வரவில்லை. உங்கள் பையனின் தமிழ் நோட்டை வாங்கிப் பாருங்கள், ஏட்டுக் குழப்பம் அப்படியே திரும்பி வந்திருக்கும். அவசரத்தில் ‘ர’வுக்குக் கீழே இழுக்க வேண்டிய சின்னச் சாய்வு போய்விடும், ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகும். மூன்று சுழி ‘ண’வில் ஒரு சுழி விழுங்கப்பட்டுப் ‘பணி’யும் ‘பனி’யும் ஒன்றாகும். புள்ளியை வரி முடிந்த பிறகு மொத்தமாக வைக்கிற பழக்கம் இருந்தால் அது பக்கத்து எழுத்தின் தலையில் உட்காரும், ‘பக்கம்’ என்பது ‘பகக்ம்’ ஆகும். என்னிடம் வரும் தமிழ் நோட்டுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்று கோளாறுதான். அழகு இல்லாததால் அவை படிக்க முடியாமல் போவதில்லை.

சரி, ‘எதுக்கும்மா இது’ என்ற கேள்விக்கு வருவோம். பையனின் கேள்வி நியாயமானது, அதட்டி அடக்காதீர்கள். இந்த விஷயத்தில் நிச்சயமானதும் இருக்கிறது, ஊதிப் பெருக்கியதும் இருக்கிறது. நிச்சயமானது முதலில். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பேனாவால்தான் எழுதப் போகிறான், மூன்று மணி நேரம். ஒரே விடையைத் தெளிவான எழுத்திலும் கிறுக்கலிலும் எழுதிக் கொடுத்தால் திருத்துகிறவர்கள் கிறுக்கலுக்குக் குறைவாகப் போடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அநியாயம்தான், ஆனால் உண்மை. இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, எழுத்தை வடிப்பதிலேயே கவனம் போய்விடும் பிள்ளைக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கக் கவனம் மிஞ்சுவதில்லை. கையெழுத்துப் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் தெளிவாக எழுதியதோடு, அதிகமாகவும் நன்றாகவும் கட்டுரை எழுதினார்கள் என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 2016-இல் ஸ்டீவ் கிரகாம் என்ற அமெரிக்கக் கல்வியாளரும் அவருடைய சக ஆய்வாளரும் காட்டினார்கள். எழுதாமல் வெறும் விரல் பயிற்சி மட்டும் கொடுத்ததில் பலன் தெரியவில்லை என்பதும் அதிலேயே உண்டு. பந்து பிசையச் சொல்லும் வகுப்புகளுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் ஓரளவு உறுதியாகப் பேசலாம். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் என்பவர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலவற்றைக் கீபோர்டில் தட்டவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் இழுக்கவும் வைத்து, பிறகு மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார். தானாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போது மட்டும், படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை செய்யும் பகுதிகள் விழித்தன. 2012-இல் வந்த ஆய்வு அது. புள்ளிக்கோட்டின் மேல் இழுப்பது அந்த அளவுக்கு உதவவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைகளில் விற்கும் ‘டிரேசிங்’ நோட்டுகளை நான் சிபாரிசு செய்யாததற்கு அதுவும் ஒரு காரணம். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள். விஜயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுத வைப்பதும் அந்தப் பழக்கம்தான்.

ஊதிப் பெருக்கியது எது என்றால், ‘கையால் குறிப்பெடுத்தால்தான் மூளையில் நிற்கும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுதான். அதன் மூலம் 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் செய்த ஆய்வு. லேப்டாப்பில் எடுத்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி தட்டினார்கள், கையால் எடுத்தவர்கள் சுருக்கி எழுதினார்கள், பின்னவர்களுக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது என்றது அது. 2021-இல் வேறு ஒரு குழு அதையே திரும்பச் செய்து பார்த்தபோது, லேப்டாப்காரர்கள் அப்படியே தட்டுவது உண்மைதான், ஆனால் பரீட்சை மதிப்பெண்ணில் அந்த வித்தியாசம் வரவில்லை. 2024-இல் நார்வேயிலிருந்து இன்னொன்று வந்தது. 36 கல்லூரி மாணவர்கள். கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கு இடையே தொடர்பு அதிகம் தெரிந்தது என்றார்கள். ஆனால் தட்டியவர்களை ஒற்றை விரலால்தான் தட்டச் சொன்னார்கள், எவ்வளவு நினைவில் நின்றது என்று அளக்கவும் இல்லை. ஆகவே, பையனிடம் ‘எழுதினால் மூளை வளரும்’ என்று சொல்லி வாதாடாதீர்கள், நாளைக்கு அவனே தேடிப் படித்து மடக்கிவிடுவான். பரீட்சை, கவனம் இந்த இரண்டைச் சொல்லுங்கள். போதும்.

அரசாங்கங்களும் இதில் ஒரு பக்கமாக இல்லை. இங்கிலீஷ் போன்ற எழுத்துகளைப் பேனா எடுக்காமல் சேர்த்து எழுதும் ‘கர்சிவ்’ கூட்டெழுத்தை ஃபின்லாந்து 2016-இல் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தது. கலிஃபோர்னியா 2023-இல் சட்டம் போட்டு ஒன்று முதல் ஆறாம் வகுப்புவரை அதைத் திரும்பக் கொண்டுவந்தது. உங்கள் பையனின் இங்கிலீஷுக்கு என் யோசனை, முழுக் கூட்டெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், சேர்வது சேரட்டும், பிரிவது பிரியட்டும் என்று விடுவதுதான். வேகமாகவும் தெளிவாகவும் எழுதும் பெரியவர்கள் பெரும்பாலும் அப்படிக் கலந்துதான் எழுதுகிறார்கள். கிறுக்கல் எல்லா இடத்திலும் வெறும் மதிப்பெண் விஷயமாக நின்றுவிடுவதில்லை. மருந்துச் சீட்டைத் தெளிவாக, முடிந்தால் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-இல் விதியிலேயே எழுத வேண்டி வந்தது.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில் ஒரு சோதனை. அவனுக்குப் பாராமல் தெரிந்த நாலு வரியை வழக்கமான வேகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதே நாலு வரியை நிதானமாக, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்று மறுபடி எழுதச் சொல்லுங்கள். நிதானத்தில் நன்றாக வந்து வேகத்தில் கெட்டால், கைக்கு வடிவம் தெரியும், ஓட்டம்தான் பழகவில்லை. அவனுக்கு எழுத்து எழுத்தாகப் பயிற்சி கொடுப்பது வீண், வாக்கியமாக எழுதித்தான் பழக வேண்டும். நிதானத்திலும் கெட்டால் எந்த எழுத்தை எங்கே தொடங்குகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள், நோட்டைப் பார்த்துப் பயனில்லை. சுழியில் தொடங்க வேண்டியதைக் கோட்டில் தொடங்கிப் பிற்பாடு சுழியை ஒட்டவைக்கிற பிள்ளைகள் நிறைய. வடிவம் ஒன்றுபோலத் தெரியும், வேகம் கூடினால் சுழி கழன்றுவிடும்.

அப்புறம் கோடு. தமிழுக்கு இரட்டைக்கோடு நோட்டுதான், இங்கிலீஷின் நான்கு கோட்டில் தமிழ் எழுத வைக்காதீர்கள். எழுத்தின் உடம்பு இரண்டு கோட்டுக்குள் இருக்க வேண்டும். ‘கி’, ‘கீ’யில் வரும் மேல்விலங்கு மட்டும் மேலே போகலாம், ‘த’, ‘ற’, ‘ழ’வின் வாலும் ‘பு’, ‘து’, ‘று’வின் இழுப்பும் கீழே போகலாம். ஒற்றைக்கோட்டு நோட்டில் நெருக்கி எழுதும்போது மேல் வரியின் ‘து’ கீழ் வரியின் ‘கி’யில் போய் முட்டும். பக்கமே சிக்கலாகத் தெரிவதற்குப் பல நேரம் அந்த முட்டல்தான் காரணம். எழுத்தைத் தொடாமல், வரிக்கு இடையே கொஞ்சம் இடம் விடச் சொன்னதிலேயே பாதிப் பக்கம் தெளிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். புள்ளியை ஒவ்வொரு சொல் முடிந்ததும் வைக்கப் பழக்குங்கள், வரி முடியக் காத்திருக்க வேண்டாம்.

பேனா பிடிப்பதைப் பற்றி நானே பல வருடம் தப்பாகப் பிடிவாதம் பிடித்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மூன்று விரல் பிடியைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கனடாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமாகக் காணும் நாலு விதப் பிடிகளுக்கும் இடையே வேகத்திலோ தெளிவிலோ வித்தியாசம் இல்லை என்று வந்தது. அதற்கப்புறம் கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும்தான் பிடியில் கை வைக்கிறேன். தாளைச் சாய்ப்பது அதைவிட முக்கியம். வலக்கைக்காரன் தாளின் தலையை இடப்பக்கம் சாய்க்கட்டும், இடக்கைக்காரன் வலப்பக்கம். இடக்கைக்காரனாக இருந்தால் கையை மாற்றவே மாற்றாதீர்கள். பேனாவில், பால்பாயின்ட்டை அழுத்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஜெல் பேனா சறுக்கிக்கொண்டு ஓடுகிறது. மைப்பேனாவை அழுத்தினால் நிப் பிளந்துகொள்ளும், அதனால் கை தானாக லேசாகிவிடும். விலை குறைந்த மைப்பேனா ஒன்று போதும், சட்டைப் பையில் கறை படியும் என்று மட்டும் தயாராக இருங்கள்.

தினம் பதினைந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து அதை ஈடுகட்டவும் முடியாது. திருக்குறளையே திரும்பத் திரும்ப எழுத வைக்காமல் அவனுக்குப் பிடித்ததை எழுதச் சொல்லுங்கள், கிரிக்கெட் ஸ்கோரானாலும் சரி. வீட்டில் தாத்தா பாட்டி எழுதிய பழைய கடிதம் இருந்தால் எடுத்துக்கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அதற்கு முந்திய கடிதத்தில் ‘லை’, ‘ளை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை தூக்கியது போல இருக்கும், ‘னா’வும் ‘றா’வும் வேறு மாதிரி வளைந்திருக்கும். என் வகுப்பில் ஒரு பையன் அப்படி ஒரு கடிதத்தை அரைமணி நேரம் துப்பறிந்து படித்து முடித்துவிட்டு, ‘சார், இதை எழுதினவங்களுக்கு நான் படிப்பேன்னு தெரியாதுல்ல’ என்றான். அன்று எழுதிய பக்கத்தில் அவன் ‘ர’வுக்கெல்லாம் சாய்வு இருந்தது.

இரண்டு மூன்று மாதம் இப்படி விடாமல் செய்தும் அசையவே இல்லை என்றால், அல்லது எழுதினாலே கை வலி, பார்த்து எழுதும்போதும் எழுத்துப் பிழை, வாயால் கடகடவென்று சொல்வதை எழுத முடியாமல் திணறுவது என்று சேர்ந்து இருந்தால், அது சோம்பேறித்தனமாக இருக்காது. ‘டிஸ்கிராஃபியா’ என்று, எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பது என்னைப் போன்றவன் வேலையும் இல்லை, அந்த வகுப்புக்காரர் வேலையும் இல்லை. குழந்தைகள் மருத்துவர் வழியாக, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளையைக் கூடுதலாகப் பத்துப் பக்கம் எழுத வைப்பது தண்டனைதான். அவனுக்குத் தட்டச்சு பெரிய உதவியாக இருக்கும், அதைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

நாளைக்கே தொடங்குவதாக இருந்தால், மேலே சொன்ன அந்தச் சோதனைத் தாள் இரண்டிலும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நாலு வரியை எழுதி வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் ‘ஒன்றும் மாறவே இல்லையே’ என்று உங்களுக்குத் தோன்றும், தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. எட்டாவது வாரம் முதல் தாளை அவன் கையிலேயே கொடுத்து, இது யார் எழுதியது என்று கேளுங்கள்.